பார்க்கலாம் என்றால் முடியாது

2025 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை. லண்டனில் இருக்கும் தங்கை மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து வந்து, குளித்து, தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் காலை 10 மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்தாள். எங்கள் ஆறு பேர் குழுவின் ஞாயிறு இணையக் கூட்டத்துக்கு யாரும் வரவில்லை. முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். அப்போது சிங்கப்பூரில் மணி ஐந்தே முக்கால். நாங்கள் ஆறு மணிக்குக் கூடி, அவளை ஏன் காணோம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 6. மெல்பர்ன் தம்பி வழக்கம்போல் இரவு 9 மணிக்கு வந்தான். நாங்கள் முடித்துவிட்டு எழுந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது.

இரண்டு வாரமும் சரியான நேரத்துக்கு வந்தவன் நான். பெருமைப்பட ஒன்றுமில்லை. “ஞாயிறு, வழக்கமான நேரம்” என்று வாட்ஸ்அப்பில் எழுதிப் போட்டவனும் நான்தான்.

பிரிட்டன் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறது. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலம் ஏப்ரல் முதல் ஞாயிறு அன்று ஒரு மணி நேரம் பின்னே இழுக்கிறது. சிங்கப்பூரும் பினாங்கும் மதுரையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. “வழக்கமான நேரம்” என்பதை அவரவர் தம் ஊர்க் கடிகாரத்துக்கு மாற்றி மனத்தில் பதித்துக்கொண்டிருந்தார்கள். ஊர்க் கடிகாரம் நகர்ந்தது, மனத்தில் பதிந்த எண் நகரவில்லை.

நாங்கள் ஆறு பேர். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சிங்கப்பூர் வீட்டுக்குள் அடைந்து கிடந்ததே, அந்த வாரங்களில் தொடங்கிய வேலை இது. சிறுவர்களுக்கான கதைகளைத் தமிழில் எழுதி, வாசித்து, ஒலிப்பதிவாக்கி, கேட்கிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறோம். யாருக்கும் சம்பளம் கிடையாது. சிங்கப்பூரில் ஜூரோங்கில் ஒரு தமிழாசிரியர், ஈசூனில் நான், பினாங்கில் ஒலித் தொகுப்பு செய்யும் அண்ணன், மதுரையில் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை அக்கா, லண்டன் தங்கை, மெல்பர்ன் தம்பி. கதை சொல்லும் குரல் மதுரை அக்காவுடையது. மற்ற ஐந்து பேர் இல்லாவிட்டாலும் எப்படியோ சமாளிக்கலாம். அந்தக் குரல் இல்லாவிட்டால் எங்களிடம் ஒன்றுமே இல்லை.

ஞாயிறு கூட்டத்தில் முதல் இருபது நிமிடம் அக்கா ஒரு பகுதியை வாசிப்பார், நாங்கள் கேட்டுத் திருத்தம் சொல்வோம். அதே நேரம் அவர் பக்கத்திலேயே ஒரு சிறிய பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கும். இணைய வழியாக வரும் குரல் எங்களுக்குத் திருத்தம் சொல்வதற்கு மட்டும். நல்ல ஒலி அந்தக் கருவியில் பதிவாகும் கோப்பில்தான் இருக்கிறது. பினாங்கு அண்ணன் தொடக்கத்தில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: “அறையில் எந்தச் சத்தமும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா.” அக்காவின் பதிவு வரும்போதெல்லாம் அவர் வியப்பார்: “எந்த ஸ்டூடியோவில் இப்படிக் கிடைக்கும்? இரைச்சல் என்பதே இல்லை.”

நேரக் குழப்பத்துக்கு வருகிறேன். இது எங்கள் வீட்டில் பரம்பரைச் சொத்து. என் அப்பா எழுபதுகளில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் வந்தவர். இன்றைக்கும் ஊருக்குத் தொலைபேசியில் பேசுவதற்கு முன் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு மணி நேரத்தைக் கழிப்பார். இரண்டரை என்று நான் திருத்துவேன். “அந்த அரை மணி நேரம் பிறகு வந்ததுதானே” என்பார். அவர் சொல்வது உண்மை. 1981 டிசம்பர் 31 வரை சிங்கப்பூர் கிரீனிச் நேரத்துக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. இந்தியா ஐந்தரை. இடைவெளி சரியாக இரண்டு மணி நேரம். மலேசியா தன் தீபகற்பத்தையும் சபா, சரவாக் மாநிலங்களையும் ஒரே நேரத்துக்குள் கொண்டுவர முடிவெடுத்தது. சிங்கப்பூரும் கூடவே போயிற்று. அன்றிரவு பதினொன்றரைக்கே நள்ளிரவு வந்து 1982 பிறந்துவிட்டது. அதற்கு முன்னும் இந்தத் தீவின் கடிகாரம் சும்மா இருந்ததில்லை: 1905இல் ஏழு மணி நேரம், 1933இல் ஏழு மணி இருபது நிமிடம், 1941இல் ஏழரை, ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரம், போருக்குப் பின் மறுபடி ஏழரை. எங்கள் கைத்தொலைபேசிகளுக்குள் இருக்கும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் இத்தனையும் வரி வரியாகப் பதிந்திருக்கின்றன. 1986இல் ஒருவர் தொகுக்கத் தொடங்கி, இன்றுவரை தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்ளும் பட்டியல் அது. உலகம் முழுவதும் கூட்ட அழைப்புகள் சரியான நேரத்துக்கு ஒலிப்பது அந்தப் பட்டியலின் தயவால்தான்.

நல்ல நாள்காட்டிச் செயலி எதுவாக இருந்தாலும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் நேரம் சொல்கிறது. வாராவாரம் திரும்ப வரும் கூட்டத்தை அதில் உருவாக்கும்போது அது ஏதாவது ஓர் ஊரின் நேரத்தோடு முடிச்சுப் போடப்படுகிறது. முடிச்சு சிங்கப்பூரில் இருந்தால் இங்கே எப்போதும் மாலை 6 மணி, லண்டனிலும் மெல்பர்னிலும் மட்டும் மணி மாறும். மெல்பர்ன் தம்பி அதே கூட்டத்தைத் தன் கணக்கிலிருந்து உருவாக்கினால் முடிச்சு மெல்பர்னுக்குப் போய்விடும். ஆண்டுக்கு இரண்டு முறை சிங்கப்பூர், பினாங்கு, மதுரை மூன்றும் இடம் மாறி உட்கார வேண்டியிருக்கும். ஆகவே கடிகாரத்தை மாற்றாத ஊர்க்காரர்தான் கூட்டத்தை உருவாக்க வேண்டும். சிறிய குழு நடத்துகிற யாராவது இதைப் படித்தால், இந்த ஒன்றை மட்டுமாவது இன்றே சரிபார்த்துவிடுங்கள். உங்கள் அழைப்பு எந்த ஊரோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது?

இதை நான் 2025இல்தான் செய்தேன். அதற்கு முன் கருவிகளே இல்லையா என்று கேட்கலாம். இருந்தன. தேவைக்கு மேல் இருந்தன. அதுதான் கதை.

2023இல் எனக்கு ஒரு காய்ச்சல் கண்டது. அலுவலகத்தில் பெரிய குழுக்கள் பயன்படுத்தும் கருவிகளைப் பார்த்து, நம் ஆறு பேருக்கும் அப்படி ஒன்று அமைத்துவிட வேண்டும் என்று ஆசை. இரண்டு வார இறுதிகளை அதில் தொலைத்தேன். அட்டைப் பலகைச் செயலி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொரு கதையும் ஓர் அட்டை. எழுத்து, மெய்ப்பு, வாசிப்பு, பதிவு, தொகுப்பு, சரிபார்ப்பு, வெளியீடு என்று ஏழு வரிசைகள், ஏழு நிறங்கள். பார்க்க அழகாக இருந்தது. குழுவில் இணைப்பை அனுப்பினேன். “அருமை தம்பி” என்றார் அக்கா. “சிறப்பாக வந்திருக்கிறது” என்றார் பினாங்கு அண்ணன். லண்டன் தங்கை மூன்று கைதட்டல் படங்கள் போட்டாள்.

மூன்று வாரம் கழித்துப் பலகையின் வரலாற்றைப் பார்த்தேன். அட்டைகளை நகர்த்தியவர் ஒருவர்தான். எல்லோரும் பழையபடி வாட்ஸ்அப்பில் “முடிந்தது” என்று எழுத, நான் அதைப் படித்துப் பலகையில் அட்டையை நகர்த்திக்கொண்டிருந்தேன். கணக்குப்பிள்ளை வேலை. பலகையைப் பார்த்தவர் யாருமில்லை, அதை வாட்ஸ்அப்பிலிருந்து பிரதி எடுத்த என்னைத் தவிர.

பிறகு ஜூரோங் ஆசிரியர் தேக்கா உணவங்காடியில் கோப்பி குடிக்கும்போது ஒன்று சொன்னார். அந்தச் செயலியை நிறுவ அக்காவின் தொலைபேசியில் இடம் போதவில்லையாம். பேரனின் காணொளிகள் சிலவற்றை அழித்துவிட்டு நிறுவினாராம். “உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார்.” எனக்குக் கோப்பி இறங்கவில்லை.

இன்னொரு கருவியில் தப்பித்தோம். ஸ்லாக் என்ற குழு உரையாடல் செயலி பற்றி நிறையப் பேர் சொன்னார்கள். உரையாடல்களைத் தலைப்பு வாரியாகப் பிரித்து வைக்கலாம் என்பதால் எனக்கும் ஆசைதான். அதன் இலவசத் திட்டத்தில் கடந்த 90 நாள்களின் செய்திகளும் கோப்புகளும் மட்டுமே கண்ணில் தெரியும். 2022 செப்டம்பரில் வந்த விதி. அதற்கு முன் 10,000 செய்திகள் என்று கணக்கு. எங்களுடைய ஒரு கதை எழுத்திலிருந்து வெளியீடு வரை போக நான்கைந்து மாதம் பிடிக்கும். பினாங்கு அண்ணன் தொகுக்க உட்காரும்போது, இந்தச் சொல்லை ஏன் மாற்றினோம் என்ற பேச்சு மறைந்திருக்கும். காசு கட்டினால் எல்லாம் தெரியும், ஆனால் இத்தகைய கருவிகள் தலைக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் வாங்குகின்றன. ஆறு தலைகளில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வாய் திறக்கும். அந்தக் காசுக்கு அக்காவுக்கு நல்ல ஒலிவாங்கி வாங்கித் தரலாம் என்று பட்டது. வாங்கித் தந்தோம்.

இலவசக் கட்டுப்பாடுகளில் எங்களுக்கு உதவியதும் ஒன்று உண்டு. ஸூமின் இலவசக் கூட்டம் 40 நிமிடத்தில் தானே முடிந்துவிடும். தமிழர்கள் ஆறு பேர் கூடிப் பேசும் இடத்தில் இதைவிடக் கண்டிப்பான கூட்டத் தலைவர் கிடைக்க மாட்டார்.

கோப்புகள் பற்றிச் சுருக்கமாக. குரல் செய்தியாக அனுப்பினால் வாட்ஸ்அப் ஒலியைச் சுருக்கிவிடும். அதே பதிவை ஆவணமாக இணைத்து அனுப்பினால் உள்ளபடி போய்ச் சேரும். இருபது நிமிட வாசிப்பு, சுருக்காத ஒற்றைத் தட ஒலியாக, சுமார் 106 எம்பி வரும். மின்னஞ்சலில் போகாது. பகிர்ந்த இணையக் கோப்புறையில் போட்டோம். அதில் நான் கவனிக்கத் தவறியது: கூகுள் கணக்கு ஒன்றுக்கு இலவச இடம் 15 ஜிபி, பகிர்ந்த கோப்புறையில் போட்டாலும் கோப்பின் கனம் அதை ஏற்றியவர் கணக்கில்தான் ஏறும். கோப்புறை என்னுடையது, ஆகவே சுமையும் என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஆண்டாக அக்காவின் கணக்கு நிரம்பிக்கொண்டே வந்திருக்கிறது. இதையும் அவர் சொல்லவில்லை. இப்போது அவர் வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்புகிறார், நான் இறக்கி என் கணக்கில் ஏற்றுகிறேன். கணக்குப்பிள்ளை வேலைதான், ஆனால் இந்த முறை யாருக்கோ பயன்படுகிறது.

இனி வாக்கெடுப்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பல ஊர்களில் இருப்பவர்களுக்குப் பொது நேரம் கண்டுபிடிக்கப் பிறந்த கருவிகள் நிறைய. சுவிட்சர்லாந்தில் தோன்றிய டூடுல் அவற்றில் பழையது. நேரங்களை வரிசையாகப் போட்டு அனுப்பினால், முடியும் என்றால் குறியிட வேண்டும். வாட்ஸ்அப்பிலும் 2022 இறுதியில் வாக்கெடுப்பு வந்துவிட்டது. நான் ஐந்து நேரங்களைப் போட்டேன். ஆறு பேரும் ஐந்து நேரத்துக்கும் குறியிட்டார்கள். இரவுப் பணி செய்யும் தங்கை கூட. முப்பது குறிகள்! நான் மகிழ்ந்துபோனேன். அந்த மாதக் கூட்டங்களில் எல்லோரும் சேர்ந்து வந்த நாள் ஒன்று கூட இல்லை.

கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. “உங்களால் எப்போது முடியும்?” என்று கேட்டது. நம்மவர்களிடம் அந்தக் கேள்வி எடுபடாது. கல்யாணப் பந்தியில் “இன்னும் கொஞ்சம் சாம்பார்?” என்று கேட்பது போன்றது அது. வேண்டாம் என்று சொல்வதற்குப் பதில் இலையைக் கையால் மட்டும் மறைப்போம். திரையில் கையால் மறைக்க இடமில்லை. ஆகவே குறியிட்டுவிட்டோம். தன்னால் அடுத்தவருக்குத் தொந்தரவு வரக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் ஆறு பேரும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டோம். டூடுலில் ஆம், இல்லை இரண்டுக்கும் நடுவே ‘தேவையானால்’ என்று ஒரு மூன்றாவது பதில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த பிறகு நாங்கள் வேறு எதையும் தொடவே இல்லை.

ஒரு முறை கூட்டத்தை சிங்கப்பூர் நேரம் மாலை 7 மணிக்கு மாற்றினோம். வழக்கம்போல் ஒருமனதாக ஒப்புதல். புதுக் கதை தொடங்க வேண்டிய நாள்களில் மட்டும் அக்காவுக்குத் தொண்டை சரியில்லாமல் போயிற்று. பழைய கதையின் தொடர்ச்சி என்றால் குரல் வெண்கல மணி. மூன்றாவது முறை தொண்டை கட்டியபோது ஜூரோங் ஆசிரியர் எனக்குத் தனியாக அனுப்பினார்: “சமையலறை நாள்காட்டியைக் கிழித்துப் பாருங்கள்.” ஞாயிறு ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை. எங்கள் 7 மணி மதுரையில் நாலரை. அந்த நேரத்தில் அக்கா புதிதாக எதையும் தொடங்க மாட்டார். நான் ஜாதகம், ராகு காலம் பார்ப்பவன் இல்லை. ஆனாலும் அது அவருடைய நேரம், அவருடைய குரல். மறுபடி 6 மணிக்கே வந்தோம், மதுரையில் மூன்றரை. உலகத்தின் எல்லா நேர மண்டலங்களும் தெரிந்த மென்பொருளுக்கு இந்த ஒன்றரை மணி நேரம் தெரியாது. அதைக் குறைசொல்லிப் பயனில்லை. எனக்கே தெரியவில்லையே.

அன்றைக்குத்தான் அக்கா நான் கேட்டதற்கெல்லாம் முன்பு என்ன சொன்னார் என்று பழைய உரையாடல்களைத் தேடிப் படித்தேன். “பார்க்கலாம் தம்பி.” “முயற்சி செய்கிறேன் தம்பி.” “உங்களுக்கு எது வசதியோ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.” இவற்றில் ‘பார்க்கலாம்’ எல்லாமே முடியாது. ‘முயற்சி செய்கிறேன்’ என்றால் முடியாது, ஆனாலும் வந்துவிடுவார். ‘உங்களுக்கு எது வசதியோ’ என்பதற்கு இன்றுவரை எனக்குப் பொருள் உறுதியாகத் தெரியவில்லை.

2025 ஏப்ரலில், தங்கை முன்னாலும் தம்பி பின்னாலும் வந்த அந்த இரண்டு ஞாயிறுகளுக்குப் பிறகு, எல்லாவற்றையும் கழித்துக் கட்டினேன். பேச்சுக்கு வாட்ஸ்அப், ஏனென்றால் அக்கா அங்கே இருக்கிறார். சிங்கப்பூர் நேரத்தோடு முடிச்சுப் போட்ட ஒரு நாள்காட்டி, அதில் எழுதும் உரிமை எனக்கு மட்டும். அதைத் திறக்காதவர்களுக்காக வாட்ஸ்அப்பின் மேலே குத்திவைக்கும் செய்தி ஒன்று. அதிகபட்சம் 30 நாள் நிற்கும். ஆகவே மாதம் ஒரு முறை கையால் எழுதுகிறேன்: சிங்கப்பூர், பினாங்கு மாலை 6.00, மதுரை பிற்பகல் 3.30, லண்டன் காலை 11.00, மெல்பர்ன் இரவு 8.00. ‘வழக்கமான’ என்ற சொல்லுக்குத் தடை. அட்டைப் பலகைக்குப் பதில் ஒரே ஒரு பகிர்ந்த அட்டவணை, கதைக்கு ஒரு வரி.

அந்த அட்டவணையின் இரண்டாவது தாளில்தான் வாக்கெடுப்பைத் தலைகீழாக்கினேன். ஆறு பெயர்கள், எதிரே ஒரே ஒரு கட்டம், தலைப்பு: ‘ஆகாத நேரம்’. எப்போது முடியும் என்று யாரும் எழுத வேண்டியதில்லை. எழுதாமல் விட்ட நேரமெல்லாம் சரி என்று எடுத்துக்கொள்வோம்.

ஒரு வாரம் ஆறு கட்டங்களும் வெறுமையாகக் கிடந்தன.

தப்பு என்னுடையது என்று பிறகு புரிந்தது. கூப்பிட்டவனே இலையைக் கையால் மறைக்காத பந்தியில் விருந்தினர் எப்படி மறைப்பார்கள்? என் கட்டத்தில் எழுதினேன்: “சனி காலை ஆகாது, அப்பாவோடு ஈரச்சந்தை. இரவு 10க்கு மேல் ஆகாது, தூக்கம். ஞாயிறு காலை ஆகவே ஆகாது, காரணம் இல்லை.” கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு அழித்தேன், மறுபடி எழுதினேன். அரை மணி நேரத்தில் லண்டன் தங்கை எழுதினாள்: “இரவுப் பணி முடிந்த நாள்கள் எதுவும் ஆகாது அண்ணா. மன்னிக்கவும்.” ‘மன்னிக்கவும்’ என்பதை நான் அழித்தேன். மெல்பர்ன் தம்பி இரண்டு வரி. பினாங்கு அண்ணன் நோன்பு மாதத்தில் மாலை வேண்டாம் என்றார். அவர் மனைவி முஸ்லிம், அவரும் சேர்ந்து நோன்பு இருப்பாராம். ஐந்து ஆண்டு சேர்ந்து வேலை செய்தும் எங்களுக்குத் தெரியாத செய்தி அது. நோன்பு மாதத்து ஞாயிறுகளில் ஆறரைக்குப் பிறகு அவர் திரை மட்டும் ஏன் இருண்டு கிடக்கும் என்பது அப்போதுதான் விளங்கியது.

அக்காவின் கட்டம் மேலும் ஒன்பது நாள் காலியாக இருந்தது. பத்தாம் நாள் திறந்தபோது அதில் இருந்தது: “பங்குனி, சித்திரை, வைகாசி பிற்பகல் முடியாது. மின்விசிறி.”

எனக்கு விளங்கவில்லை. பினாங்கு அண்ணனுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “இரைச்சலே இல்லை, இரைச்சலே இல்லை என்று ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேனே தம்பி.”

மதுரை, சித்திரை மாதம், பிற்பகல் மூன்றரை. சன்னலை அடைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, இருபது நிமிடம் முயலாகவும் ஆமையாகவும் பேசியிருக்கிறார். முப்பது குறிகளில் அவருடைய ஐந்தும் அப்படிப் போட்டவைதான்.

அதன் பிறகு நேரம் தேடவே இல்லை. வாசிப்பைக் கூட்டத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டோம். வெயில் மாதங்களில் அக்கா விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, குளிர்ச்சியில் தனியாக வாசித்துப் பதிந்து அனுப்பிவிடுகிறார். திருத்தங்களை அட்டவணையில் எழுதிவிடுகிறோம். ஞாயிறு கூட்டம் இருபது நிமிடத்தில் முடிகிறது. ஸூமுக்கு எங்களைத் துரத்தும் வேலை மிச்சம்.

முதல் விடியற்காலைப் பதிவு வந்த அன்று பினாங்கு அண்ணன் என்னைத் தனியாக அழைத்தார். குரல் எப்போதையும்விட நன்றாக இருக்கிறது, ஆனால் பின்னால் ஒரு குயில் தொடக்கம் முதல் கடைசி வரை விடாமல் கூவுகிறது, என்ன செய்தும் பிரித்து எடுக்க முடியவில்லை என்றார். ஈசூனில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே மரத்தில் கத்தி நாலரை மணிக்கே எழுப்பிவிடும் அதே இனம். அக்காவிடம் சொல்லலாமா, மறுபடி பதியச் சொல்லலாமா என்று கேட்டார். சொல்ல வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். அந்த ஒரு முடிவை மட்டும் அட்டவணையில் எழுதவில்லை.